ஒரே சட்டகத்தில் ஒரு நாடு

நுழையும்முன்

வரலாற்றை எழுதியோர் பலர்; பேசியோர் பலர்; அதனைக் காட்டியோர் சிலர். எழுதவும் பேசவும் கூட்டங்கூடவும் ஓர் அரசு தடைவிதிக்கும்போது, காட்டுவதே ஒருவருக்கு எஞ்சியிருக்கும் வழியாகிவிடுவதுண்டு. தென்னாப்பிரிக்காவில் நிறவெறி ஆட்சி நிலவிய காலத்தில், தொழிற்சங்கப் பணியிலிருந்து விலக்கப்பட்ட ஒருவர் ஒளிப்படக்கருவியைக் கையில் எடுத்தார். தொழிலாளர்களையும் தலைவர்களையும் தெருவில் திரண்ட எளிய மக்களையும் படம் பிடித்தார். அவர் விட்டுச்சென்ற படங்கள் இன்று அந்நாட்டின் பொதுச்சொத்தாக விளங்குகின்றன. அவரே ஈலை வெயின்பெர்க்.

பால்டிக் கடற்கரையிலிருந்து

ஐரோப்பாவின் வடகிழக்கே பால்டிக் கடலின் கரையில் அமைந்த லாட்வியா நாட்டின் துறைமுக நகரம் லிபாவு. இன்று லியபாயா எனப்படும் அந்நகரில் 1908ஆம் ஆண்டு ஈலை வெயின்பெர்க் யூதக் குடும்பமொன்றில் பிறந்தார். அக்காலத்தில் லாட்வியா உருசியப் பேரரசின் ஒரு பகுதியாக இருந்தது. அவர் சிறுவனாக இருந்தபோது முதல் உலகப்போர் மூண்டது. போரின் அலைக்கழிப்பில் அவர் தம் குடும்பத்தைப் பிரிந்து வாழ நேர்ந்தது. 1917இல் உருசியாவில் நிகழ்ந்த புரட்சியும் அவருடைய பிள்ளைப் பருவத்திலேயே நடந்தது. வீடும் நாடும் ஒரே நேரத்தில் நிலைகுலைவதைக் கண்டு வளர்ந்த அவருக்கு, அரசியல் என்பது நூலில் படித்தறியும் பொருளாக இருக்கவில்லை; நாள்தோறும் எதிர்கொள்ளும் வாழ்க்கையாகவே இருந்தது. இளமையிலேயே தொழிலாளர் இயக்கத்தின்பால் அவர் ஈர்க்கப்பட்டார்.

1929ஆம் ஆண்டு, தமது இருபத்தோராம் அகவையில், அவர் தென்னாப்பிரிக்காவை அடைந்தார். அவருடைய உறவினர் பலர் லாட்வியாவிலேயே தங்கிவிட்டனர். இரண்டாம் உலகப்போரின்போது நாஜிப் படையினர் அந்நாட்டைக் கைப்பற்றி யூதர்களைக் கொன்றொழித்தனர்; வெயின்பெர்க்கின் குடும்பத்தாரும் அக்கொடுமைக்கு இரையாயினர். மனிதரைப் பிறப்பால் பிரித்து, ஒரு பிரிவினருக்கு வாழும் உரிமையே இல்லை என்று முடிவுசெய்யும் அரசு எந்த எல்லைவரை செல்லும் என்பதை அவர் தம் சொந்த இழப்பினால் அறிந்தவர். தாம் குடியேறிய நாட்டிலும் மனிதர் நிறத்தால் பிரிக்கப்படுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க இயலாமற்போனதில் வியப்பில்லை.

வெள்ளையர் என்ற முறையில் அவருக்கு அந்நாட்டில் வாக்குரிமையும் வசதியான குடியிருப்பும் தடையற்ற நடமாட்டமும் கிடைத்தன. அவற்றை ஏற்றுக்கொண்டு அமைதியாக வாழ்ந்திருக்கலாம். அவர் தேர்ந்தெடுத்த வழியோ வேறாக இருந்தது.

தொழிற்சங்கத்தில் இருபது ஆண்டுகள்

1932இல் தென்னாப்பிரிக்கப் பொதுவுடைமைக் கட்சியில் சேர்ந்த வெயின்பெர்க், 1933 முதல் முழுநேரத் தொழிற்சங்கப் பணியில் ஈடுபட்டார். அடுத்த இருபது ஆண்டுகள் அதுவே அவருடைய வாழ்க்கையாயிற்று.

அந்நாட்டில் தொழிற்சங்கப் பணி எவ்வளவு கடினமானது என்பதை உணர அன்றைய சட்டத்தை அறிதல் வேண்டும். 1924ஆம் ஆண்டின் தொழில் இணக்கச் சட்டம், தொழிலாளரும் முதலாளிகளும் ஒரே மேசையில் அமர்ந்து ஊதியத்தைப் பேசி முடிவுசெய்ய வழிவகுத்தது. ஆனால், தொழிலாளர் என்னும் சொல்லுக்கு அச்சட்டம் தந்த வரையறையிலிருந்து, அனுமதிச்சீட்டு வைத்திருக்க வேண்டிய கறுப்பின மக்கள் விலக்கப்பட்டனர். சுரங்கத்தில் தங்கம் தோண்டியவரும் ஆலையில் எந்திரம் ஓட்டியவரும் சட்டத்தின் பார்வையில் தொழிலாளரே அல்லர். அவர்கள் சங்கம் அமைத்தால் அதை முதலாளிகள் ஏற்க வேண்டியதில்லை. அவர்கள் வேலைநிறுத்தம் செய்தால் அது குற்றம்.

அதன் விளைவு 1946 ஆகஸ்டு மாதத்தில் வெளிப்பட்டது. ஜொகன்னஸ்பர்க் நகரைச் சூழ்ந்த தங்கச் சுரங்கங்களில் கறுப்பினத் தொழிலாளர் எழுபதாயிரத்திற்கும் மேற்பட்டோர் ஊதிய உயர்வு கேட்டு வேலையை நிறுத்தினர். காவல் துறையினர் தடியாலும் துப்பாக்கியாலும் அவர்களை மீண்டும் சுரங்கத்திற்குள் விரட்டினர். தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். ஒரு வாரத்திற்குள் வேலைநிறுத்தம் ஒடுக்கப்பட்டது. எனினும், எண்ணிக்கையில் பெரும்பான்மையோராய் இருந்தும் சட்டத்தில் இடம்பெறாத தொழிலாளரின் ஆற்றலை நாடு அன்று கண்டுகொண்டது.

வெயின்பெர்க் போன்றோர் நம்பிய கருத்து எளிமையானது. கறுப்பினத் தொழிலாளியின் ஊதியம் தாழ்த்தப்பட்டிருக்கும்வரை எந்தத் தொழிலாளியின் ஊதியத்திற்கும் பாதுகாப்பு இல்லை. ஆதலால் எல்லா நிறத்தவரும் ஒரே சங்கத்தில் இணைய வேண்டும் என்பதே அது. அரசு அஞ்சியதும் இக்கருத்தைக் கண்டே.

தெரிந்து தெளிவோம்

தென்னாப்பிரிக்காவில் 1948ஆம் ஆண்டுத் தேர்தலில் தேசியக் கட்சி வென்று ஆட்சி அமைத்தது. அதுவரை வழக்கமாகவும் உதிரிச் சட்டங்களாகவும் இருந்த நிறவேற்றுமை முழுமையான ஆட்சிமுறையாயிற்று. 1950இல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் ஒவ்வொருவரையும் நிறப்பிரிவின்கீழ்ப் பதிவுசெய்தது. அதே ஆண்டில் வந்த குழுப் பகுதிகள் சட்டம் யார் எங்கு வாழலாம் என்று வரையறுத்தது. 1952 முதல் கறுப்பினத்தார் தம் அடையாளம், வேலை, வரி ஆகியவற்றின் பதிவுகள் அடங்கிய ஒரு புத்தகத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டியிருந்தது. காவலர் கேட்டவுடன் அதனைக் காட்டாதவர் கைதுசெய்யப்பட்டனர். இவ்வாட்சிமுறை 'அபார்தைடு' எனப்பட்டது.

கருவி மாறியது

1950இல் பொதுவுடைமையை ஒடுக்கும் சட்டம் நிறைவேறியது. பெயர் பொதுவுடைமையைச் சுட்டினாலும், அரசின் கொள்கையை எதிர்க்கும் எவரையும் அச்சட்டத்தின்கீழ்க் கொண்டுவர முடியும் என்ற அளவிற்கு அதன் வரையறை விரிவானது. அதன்படி அமைச்சர் ஒருவர் தம் கையெழுத்தினால், நீதிமன்ற விசாரணை ஏதுமின்றி, ஒருவரைச் சங்கப் பொறுப்பிலிருந்து விலக்கலாம். கூட்டங்களில் கலந்துகொள்ளாதவாறு தடுக்கலாம். தடையாணை என்று வழங்கப்பட்ட இம்முறையினால், ஐம்பதுகளின் தொடக்கத்தில் அனுபவமிக்க தொழிற்சங்கத் தலைவர்கள் பலர் தம் சங்கங்களிலிருந்து அகற்றப்பட்டனர்.

1953ஆம் ஆண்டு வெயின்பெர்க்கின் மீதும் தடையாணை விதிக்கப்பட்டது. இருபது ஆண்டுப் பணி ஒரு தாளினால் முடிவுக்கு வந்தது. அப்போது அவருக்கு அகவை நாற்பத்தைந்து. வயிற்றுப்பாட்டிற்கு ஒரு தொழில் வேண்டும். வாழ்வின் நோக்கத்தையும் கைவிட இயலாது. இவ்விரு தேவைகளையும் ஒளிப்படக்கருவி நிறைவேற்றியது. ஒளிப்படத் தொழிலை அவர் தம் வாழ்வாதாரமாக ஏற்றார். அதே கருவியைக்கொண்டு தாம் விலக்கப்பட்ட இயக்கத்தின் வரலாற்றைப் பதிவுசெய்யத் தொடங்கினார்.

அக்காலத்தில் 'நியூ ஏஜ்' என்னும் வார இதழ் கறுப்பின மக்களின் போராட்டங்களை எழுதிவந்தது. 'கார்டியன்' என்ற பெயரில் 1937இல் தொடங்கிய அவ்விதழ், தடைசெய்யப்பட்ட ஒவ்வொரு முறையும் புதிய பெயரில் மீண்டும் வெளிவந்தது. வெயின்பெர்க்கின் படங்கள் அத்தகைய இதழ்களுக்குப் பயன்பட்டன. நாட்டின் பெரிய நாளேடுகள் கறுப்பின மக்களைக் குற்றச்செய்திகளில் மட்டும் காட்டிவந்த காலம் அது. அவர்களைத் தலைவர்களாக, சிந்திப்பவர்களாக, ஒன்றுகூடி முடிவெடுப்பவர்களாகக் காட்டுவதே அன்று ஓர் அரசியல் செயலாயிற்று.

தெருவே அரங்கமாக

வாக்குரிமை இல்லாத மக்களுக்குச் சட்டமன்றம் இல்லை. ஆகவே தெருவும் திடலுமே அவர்களின் சட்டமன்றமாயின. 1952 சூன் 26 அன்று தொடங்கிய மறுப்பு இயக்கத்தில், நிறவேற்றுமைச் சட்டங்களை வேண்டுமென்றே மீறி எண்ணாயிரத்திற்கும் மேற்பட்டோர் சிறை சென்றனர். வெள்ளையர்க்கென ஒதுக்கப்பட்ட தொடர்வண்டி நிலைய வாயிலில் நுழைவதும், அவர்களுக்குரிய இருக்கையில் அமர்வதும், அனுமதியின்றி நகர எல்லையைக் கடப்பதுமே அவர்கள் செய்த குற்றங்கள். காந்தியடிகள் இதே நாட்டில் தொடங்கிய அறப்போர் முறையின் தொடர்ச்சியாக இது அமைந்தது. இந்திய வம்சாவளியினரின் காங்கிரசும் ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசும் தோளோடு தோள் நின்று இதனை நடத்தின.

1955 மார்ச்சில் தென்னாப்பிரிக்கத் தொழிற்சங்கப் பேரவை தோன்றியது. தொழிலாளரை நிறத்தால் பிரிக்க மறுத்த சங்கங்கள் இதில் ஒன்றிணைந்தன. ஒரு நாள் உழைப்பிற்கு ஒரு பவுண்டு ஊதியம் என்னும் கோரிக்கையை இப்பேரவை நாடெங்கும் கொண்டுசென்றது. அதே ஆண்டு சூன் 25, 26 ஆகிய நாள்களில் ஜொகன்னஸ்பர்க்கை அடுத்த கிளிப்டவுன் திடலில் மக்கள் மாநாடு கூடியது. ஏறத்தாழ 3,000 பேராளர்கள் நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்தனர். அவர்கள் கூடி விடுதலைப் பட்டயத்தைப் படித்து, ஒவ்வொரு பிரிவாக ஏற்றனர். இரண்டாம் நாள் பிற்பகலில் ஆயுதம் தாங்கிய காவலர் திடலைச் சூழ்ந்து, மேடையிலிருந்த தாள்களைப் பறிமுதல்செய்து, வந்திருந்தோரின் பெயர்களைக் குறித்துக்கொண்டனர். கூட்டத்தினர் கலையாமல் பாடியபடியே எஞ்சிய பிரிவுகளையும் நிறைவேற்றினர். அம்மாநாட்டின் காட்சிகள் வெயின்பெர்க்கின் தொகுப்பில் இடம்பெற்றுள்ளன.

1957இன் தொடக்கத்தில் அலெக்சாண்ட்ரா குடியிருப்பின் மக்கள் பேருந்துகளைப் புறக்கணித்தனர். கட்டணம் நான்கு பென்னியிலிருந்து ஐந்து பென்னியாக உயர்ந்ததே காரணம். ஒரு பென்னி என்பது பிறருக்குச் சிறுதொகை. அவர்களுக்கோ அது அடுப்பெரியும் காசு. வேலைக்குப் போக ஏறத்தாழ 15 கிலோமீட்டர், திரும்பி வர அதே தொலைவு என்று மாதக்கணக்கில் அவர்கள் நடந்தனர். விடியலுக்கு முன்பே அம்மக்கள் சாலையில் நடந்துசென்றனர். அவர்களின் காலடிகளே அவர்களின் வாக்குகளாயின. இறுதியில் அரசு இறங்கிவந்து, கூடுதல் கட்டணத்தை மக்கள் செலுத்த வேண்டாதவாறு வழிசெய்தது. இத்தகைய ஓர் காலத்தின் நடுவே நின்றுதான் வெயின்பெர்க் படம் எடுத்தார்.

156 முகங்கள்

1956 டிசம்பர் 5ஆம் நாள் விடியற்காலையில் நாடெங்கும் வீடுகளின் கதவுகள் தட்டப்பட்டன. அடுத்த சில நாள்களுக்குள் 156 பேர் தேசத்துரோகக் குற்றச்சாட்டின்கீழ்க் கைதாயினர். அவர்களுள் 105 பேர் கறுப்பினத்தவர், 23 பேர் வெள்ளையர், 21 பேர் இந்திய வம்சாவளியினர், எழுவர் கலப்பினத்தவர். ஆல்பர்ட் லுதூலி, நெல்சன் மண்டேலா, வால்டர் சிசுலு, ஆலிவர் தாம்போ, லிலியன் இங்கோயி, ஹெலன் ஜோசப், அகமது கத்ராடா, மருத்துவர் மான்டி நாயக்கர் முதலியோர் அவர்களுள் அடங்குவர். பேராசிரியரும் ஓட்டுநரும், சமயப் பணியாளரும் ஆலைத்தொழிலாளியும், வழக்கறிஞரும் தையல்தொழிலாளியும் ஒரே குற்றப்பட்டியலில் இடம்பெற்றனர். குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் தூக்குத்தண்டனை வரை விதிக்கப்படலாம்.

டிசம்பர் 19 அன்று ஜொகன்னஸ்பர்க்கின் படைப்பயிற்சிக் கூடமே நீதிமன்றமாக மாற்றப்பட்டு முதனிலை விசாரணை தொடங்கியது. அன்று அக்கூடத்திற்கு வெளியே தெருவை அடைத்துக்கொண்டு மக்கள் திரண்டனர். தங்கள் தலைவர்களுக்குத் துணைநிற்பதாக எழுதிய அட்டைகளை ஏந்தி நின்றனர். அக்கூட்டத்தை வெயின்பெர்க் படம் பிடித்தார். புகழ்பெற்ற அப்படத்தில் தலைவர் எவரும் இல்லை. வேலைக்குச் செல்லவேண்டிய நாளில் ஊதியத்தை இழந்து வந்து நின்ற ஆண்களும் பெண்களுமே அதில் உள்ளனர். வழக்கின் உண்மையான பொருள் கூடத்தின் உள்ளே மட்டுமன்று, வெளியேயும் இருந்தது என்பதை அப்படம் காட்டுகிறது.

கூடத்தினுள் குற்றம் சாட்டப்பட்டவர்களைக் கம்பிவலைக் கூண்டுக்குள் அமரவைத்தனர். வழக்கறிஞர்களின் கடும் எதிர்ப்பிற்குப் பின்னரே அக்கூண்டு அகற்றப்பட்டது. சான்றுப்பொருள்களாக ஆயிரக்கணக்கான தாள்கள் வைக்கப்பட்டன. கிளிப்டவுன் மாநாட்டுச் சமையற்கூடத்தில், இறைச்சி சேர்த்த சாறு எது, சேர்க்காத சாறு எது என்று அறிவித்த இரண்டு அட்டைகளும் அச்சான்றுகளுள் அடங்கும். எனினும் அரசு எதிர்பாராத ஒன்று அங்கே நிகழ்ந்தது. தடையாணைகளால் ஒருவரையொருவர் சந்திக்க இயலாதிருந்த தலைவர்கள், அரசின் செலவிலேயே ஒரே கூரையின்கீழ் நாள்தோறும் கூடினர்.

அவர்கள் பிணையில் வெளிவந்தபின், 156 பேரையும் ஒரே படத்தில் பதிவுசெய்ய வேண்டும் என்று வெயின்பெர்க் எண்ணினார். அரசு இவர்களைக் குற்றவாளிகளின் பட்டியலாகக் கண்டது. அவரோ எதிர்காலத் தென்னாப்பிரிக்காவின் மக்களவையாகக் கண்டார். இத்தனைபேரை வரிசையாக அமர்த்தவும் நிறுத்தவும் பரந்த இடம் வேண்டும். நகரின் நடுவே உள்ள ஜூபர்ட் பூங்காவைத் தேர்ந்து, இருக்கைகளுக்கும் ஏற்பாடு செய்தார். ஆனால் கறுப்பரும் வெள்ளையரும் இந்தியரும் கலந்து அமரப்போகின்றனர் என்பதை அறிந்த பூங்காக் கண்காணிப்பாளர் இசைவு மறுத்துவிட்டார். ஒரு படத்திற்காகச் சில நிமிடங்கள் அருகருகே அமர்வதுகூட அந்நாட்டின் பொதுப்பூங்காவில் இயலாததாயிற்று.

வெயின்பெர்க் தம் எண்ணத்தைக் கைவிடவில்லை. அவர்களைச் சிறு குழுக்களாகப் பிரித்துத் தனித்தனியே படம் எடுத்தார். பின்னர் அப்படங்களை இருட்டறையில் ஒன்றோடொன்று பொருத்தி, எல்லாரும் ஒரே இடத்தில் வரிசையாக அமர்ந்தும் நின்றும் இருப்பதுபோன்ற ஒரே படமாக்கினார். இது எளிய வேலையன்று. ஒவ்வொரு குழுவையும் ஒரே தொலைவிலிருந்து, ஒரே உயரத்திலிருந்து, ஒத்த வெளிச்சத்தில் எடுத்தால்தான் முகங்களின் அளவு மாறாது; வரிசைகள் ஓரங்களில் சரியாகச் சேரும். கணினி இல்லாத அக்காலத்தில் அனைத்தும் கையினாலேயே செய்யவேண்டியிருந்தது.

இப்படத்தைப் பற்றி நாம் ஒரு கணம் எண்ணிப் பார்த்தல் தகும். அப்படத்தில் காணும் கூட்டம், காணும் அவ்வடிவில் ஒரே நொடியில் ஒரே இடத்தில் கூடியதன்று. அவ்வகையில் அது ஒட்டிச் சேர்க்கப்பட்ட படம். ஆயினும் அது சொல்லும் செய்தி பொய்யன்று. அந்த 156 பேரும் ஒரே வழக்கில் ஒன்றாக நின்றனர். ஒரே பட்டயத்தை ஏற்றனர். ஒரே தண்டனையை எதிர்நோக்கினர். அவர்கள் ஒன்றாக அமர்வதைச் சட்டமும் வழக்கமும் தடுத்தன. சட்டம் பிரித்ததை ஒளிப்படக்கலைஞரின் கை சேர்த்துவைத்தது. தொழிற்சங்கத்தில் எல்லா நிறத்தவரையும் ஒன்றிணைக்க முயன்று தடுக்கப்பட்டவர், அதே பணியைப் படத்தாளின்மேல் செய்து முடித்தார் எனலாம்.

நான்கு ஆண்டுகளுக்கும் மேலாக நீடித்த அவ்வழக்கில், 1961 மார்ச் 29 அன்று, இறுதிவரை குற்றம் சாட்டப்பட்டிருந்த அனைவரும் விடுதலையாயினர்.

மறைவிடத்தில் ஓர் உருவப்படம்

வழக்கு முடிவதற்குள் நாட்டின் நிலை மாறியிருந்தது. 1960 மார்ச் 21 அன்று ஷார்ப்வில் நகரில், அனுமதிச்சீட்டுச் சட்டத்தை எதிர்த்துக் கூடிய மக்களின்மீது காவலர் சுட்டதில் 69 பேர் இறந்தனர். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஆப்பிரிக்கத் தேசியக் காங்கிரசு தடைசெய்யப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் விசாரணையின்றிச் சிறையிலடைக்கப்பட்டனர். வெயின்பெர்க்கும் அவர்களுள் ஒருவராக மூன்று திங்கள் சிறையில் இருந்தார்.

1961இல் மண்டேலா தலைமறைவாகி, காவல் துறையின் கண்ணில் படாமல் நாடெங்கும் சுற்றிவந்தார். அந்நாள்களில் ஒரு மறைவிடத்தில் வெயின்பெர்க் அவரைப் படம் எடுத்தார். கழுத்தில் மணிகளால் கோத்த மரபுவழி அணி. தோளில் அரச மேலாடைபோல் சுற்றிய துணி. அந்த மேலாடை உண்மையில் ஒரு படுக்கைவிரிப்பே. தேடப்படும் ஒருவரை மறைந்து வாழும் இடத்தில், கையில் கிடைத்ததைக்கொண்டு எடுத்த படம் அது. ஆனால் அதில் அச்சத்தின் சாயல் இல்லை. தேம்பு அரச மரபில் வந்த ஒருவரின் பெருமிதமே அதில் ஒளிர்கிறது.

அடுத்த ஆண்டு மண்டேலா கைதானார். 27 ஆண்டுகள் சிறையில் கழிந்தன. அக்காலத்தில் அவருடைய படத்தைத் தென்னாப்பிரிக்காவில் வெளியிட இயலவில்லை. ஒரு தலைமுறையே அவருடைய முகத்தை அறியாமல் வளர்ந்தது. அயல்நாடுகளிலோ, அவரது விடுதலைக்காகக் குரல்கொடுத்தோர் ஏந்திய படங்களுள் இப்படமும் ஒன்றாக விளங்கியது. ஒருவரை மக்களின் நினைவிலிருந்து அழிக்க அரசு முயன்றபோது, அந்நினைவைக் காத்தவற்றுள் இச்சிறு படத்தாளும் ஒன்று.

சிறையும் புலப்பெயர்வும்

1964இல் வெயின்பெர்க் மீண்டும் கைதானார். தடைசெய்யப்பட்ட பொதுவுடைமைக் கட்சியில் மறைவாகப் பணியாற்றினார் என்று வழக்குத் தொடரப்பட்டது. பிராம் ஃபிஷர் என்னும் புகழ்பெற்ற வழக்கறிஞரோடு சேர்த்துக் குற்றம் சாட்டப்பட்டோருள் அவரும் ஒருவர். 1965இல் அவருக்கு ஐந்தாண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவருடைய துணைவியார் வயலெட்டும் மகள் ஷீலாவும்கூட அரசியல் காரணங்களுக்காகச் சிறைவாசத்தைச் சந்தித்தவர்களே. ஒரு குடும்பம் முழுவதும் தான் ஏற்ற கொள்கைக்கு உரிய விலையைக் கொடுத்தது.

சிறையிலும் நிறவேற்றுமை நீடித்தது. கறுப்பின அரசியல் கைதிகள் ராபன் தீவுக்கு அனுப்பப்பட்டனர்; வெள்ளை இனக் கைதிகள் பிரிட்டோரியாவில் அடைக்கப்பட்டனர். ஒரே குற்றச்சாட்டு, ஒரே கொள்கை. சிறை மட்டும் வேறு.

தண்டனைக்காலம் முடிந்து வெளிவந்தபோதும் அவரால் இயல்பான வாழ்க்கை வாழ இயலவில்லை. தடையாணைகள் தொடர்ந்தன. தெருவில் கூடும் மக்களைப் படம் எடுப்பதே வாழ்வாகக் கொண்டிருந்தவர், கூட்டத்திலிருந்து விலக்கிவைக்கப்பட்டார்.

1976 சூன் 16 அன்று சொவேட்டோவில் பள்ளி மாணவர்கள், ஆப்பிரிக்கான்சு மொழி தம்மீது திணிக்கப்படுவதை எதிர்த்துத் தெருவில் இறங்கினர். காவலர் சுட்டனர். அன்றும் ஓர் ஒளிப்படமே அக்கொடுமையை உலகிற்கு உணர்த்தியது. அதை எடுத்தவர் சாம் நிசிமா என்னும் இளைய தலைமுறைக் கலைஞர். அவ்வாண்டில், இயக்கத்தின் அறிவுறுத்தலின்படி வெயின்பெர்க் நாட்டை விட்டு வெளியேறினார். அப்போது அவருக்கு அகவை அறுபத்தெட்டு. லாட்வியாவிலிருந்து புறப்பட்ட இளைஞர், முதுமையில் இரண்டாம் முறையாக நாடிழந்தார். தான்சானியாவின் டார் எஸ் சலாம் நகரில் வாழ்ந்த அவர், 1981ஆம் ஆண்டு அங்கேயே மறைந்தார். நிறவெறி ஆட்சி வீழ்வதைக் காணும் பேறு அவருக்கு வாய்க்கவில்லை.

எஞ்சி நிற்பவை

அதே 1981ஆம் ஆண்டில், அவருடைய ஒளிப்படங்களின் தொகுப்பு 'ஒரு மக்களின் உருவப்படம்' என்னும் பொருள்தரும் ஆங்கிலத் தலைப்பில் இலண்டனில் வெளியாயிற்று. அதனை வெளியிட்டது பன்னாட்டுப் பாதுகாப்பு மற்றும் உதவி நிதியம். 1956இன் தேசத்துரோக வழக்கில் சிக்கியோருக்கு உதவ ஜான் காலின்சு என்னும் பாதிரியார் நிதிதிரட்டத் தொடங்கிய முயற்சியிலிருந்து வளர்ந்த அமைப்பு அது. யாருடைய முகங்களை வெயின்பெர்க் ஒரே சட்டகத்தில் இணைத்தாரோ அவர்களைக் காக்கப் பிறந்த அமைப்பே, அவருடைய வாழ்நாள் உழைப்பையும் நூலாக்கியது.

நிறவெறி ஆட்சி முடிவை நெருங்கிய தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அந்நிதியத்தின் ஆவணங்கள் தென்னாப்பிரிக்காவுக்குத் திரும்பின. வெயின்பெர்க்கின் படங்கள் இன்று வெஸ்டர்ன் கேப் பல்கலைக்கழகத்தின் மயிபுயே ஆவணக்காப்பகத்தில் பாதுகாக்கப்படுகின்றன. மயிபுயே என்பது, திரும்பி வரட்டும் என்னும் பொருளுடைய சொல். பறிக்கப்பட்ட நாடு மக்களிடம் திரும்பட்டும் என்பது போராட்டக் காலத்தில் அது உணர்த்திய பொருள். 1994இல் எல்லா நிறத்தவரும் ஒரே வரிசையில் நின்று வாக்களித்தபோது அப்பொருள் நிறைவேறியது. 156 பேர் அடங்கிய அப்படத்தில் உள்ளோர் சிலர், அப்புதிய நாட்டின் குடியரசுத் தலைவராகவும் அமைச்சராகவும் மக்களவை உறுப்பினராகவும் அமர்ந்தனர்.

வெயின்பெர்க் படைத்தலைவர் அல்லர், நாடாண்டவரும் அல்லர். தம் பணியைச் சட்டம் பறித்தபோது, தம் கையில் எஞ்சியிருந்த கருவியைக்கொண்டு அப்பணியைத் தொடர்ந்தவர். பிறருடைய போராட்டத்தைத் தம்முடையதாக ஏற்று, அதற்காகத் தம் உரிமைகளையும் வீட்டையும் நாட்டையும் இழந்தவர். அவர் படங்களில் உள்ள எண்ணற்ற மக்களின் பெயர்களை நாம் அறியோம். ஆனால் அவர்கள் அத்தெருவில் நின்றனர் என்பதை இனி எவரும் மறுக்க இயலாது.

கற்பவை கற்றபின்...

1. தேசத்துரோக வழக்கில் சிக்கியோரின் கூட்டுப்படம் உண்மையைச் சொல்கிறதா, மறைக்கிறதா என்பது குறித்து இரு குழுக்களாகப் பிரிந்து கலந்துரையாடுக.

2. உங்கள் ஊரில் உழைக்கும் மக்கள் அல்லது ஊர்ப் பொதுநிகழ்வு ஒன்றைக் காட்டும் பழைய ஒளிப்படத்தைத் தேடிப் பெற்று, அதில் உள்ளோர், இடம், காலம் ஆகியவற்றைப் பெரியோரிடம் கேட்டறிந்து ஒரு பக்க அளவில் எழுதுக.

3. தென்னாப்பிரிக்க அறப்போராட்டங்களில் இந்திய வம்சாவளியினரின் பங்கு குறித்துச் செய்திகளைத் திரட்டி வகுப்பறையில் உரையாற்றுக.